அங்கிள் எண்டு கூப்பிடட்டும்

போன வாரம் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள ஈப்போவில் ஒரு சலூனுக்குப் போயிருந்தேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள். பல் கிளினிக் கவுண்டரில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தால், என்னைவிட மூத்தவர்கள்கூடக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'ஆன்ட்டி' என்கிறார்கள். அந்தப் பயம்தான். சாயம் கலக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மூலையில் அவள் மகன் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"டேய், அங்கிள் வந்துட்டாரு. போதும் வெளையாண்டது, போ," என்றாள்.

பையன் ஓடினான். வந்தவர் அவன் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரலை விட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கண்கள் கண்ணாடியில் சந்தித்துவிட்டன. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, "தெரிஞ்சவரு அக்கா... ஃப்ரெண்டு," என்றாள்.

"நல்லதுமா," என்றேன்.

பிறகு அவள் சாயத்தைத் தடவ ஆரம்பித்தாள். அமோனியா நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "எரியுதாக்கா?" என்று பதறினாள். எரியவில்லை என்று சொன்னால் நம்பமாட்டாள் என்று, "லேசா," என்று சொல்லிவைத்தேன்.

அந்த நெடி எனக்குப் புதிதல்ல. பதினோரு வயதிலிருந்து அதைச் சட்டைகளில் முகர்ந்து வளர்ந்தவள் நான். அப்போதெல்லாம் அரசாங்க அலுவலகங்களில் நில வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் இயந்திரத்தில் அமோனியா ஊற்றுவார்கள். அங்கே படம் வரையும் வேலையில் இருந்தார் அங்கிள். சாயங்காலம் அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது, அவருக்கு முன்னால் அந்த நெடி வரும். மற்றப் பிள்ளைகளுக்கு வியர்வையோ சிகரெட்டோ எப்படியோ, எனக்கும் தம்பிக்கும் வீட்டில் ஓர் ஆண் இருக்கிறார் என்பதற்கு அடையாளம் அமோனியாதான்.

அங்கிள் என்ற சொல்லைச் சொல்ல வந்தேன். இன்றைக்கு நம் ஊரில் யார்தான் அங்கிள் இல்லை? டுரியான் பழம் விற்பவர் அங்கிள், பள்ளி வேன் ஓட்டுபவர் அங்கிள், காப்பி ஆற்றும் சீனர் அங்கிள். சாலைத் தடுப்பில் போலீஸ்காரரைப் பார்த்து, "அங்கிள், இந்த ஒரு வாட்டி மட்டும்லா," என்று கெஞ்சுகிற பையன்களை நானே பார்த்திருக்கிறேன். சீனக் கடைக்காரர்கள் நம் ஆண்களை 'அண்ணே' என்று கூப்பிட, நாம் அவர்களைப் பதிலுக்கு அங்கிள் என்கிறோம். ஒருவருக்கொருவர் சொந்தங்களை மாற்றிக்கொண்டது போல.

ஆனால் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் எனக்கு ஓர் அங்கிள்கூடக் கிடையாது. சுங்கை சிப்புட் பக்கம் இருந்தது எங்கள் தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் எதிர்வீட்டுக்காரர் சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் மாமா, கோயில் பூசாரி பெரியப்பா. இரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருந்தது. முறை தெரியாத ஆள் ஒருவர் தோட்டத்துக்குள் வந்தால், பெரியவர்கள் பத்து நிமிஷம் பேசி எப்படியாவது ஒரு முறையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் தேநீர் கொடுப்பார்கள்.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். மழைக்காலத்தில் ஒரு நாள், ரப்பர் பால் தொட்டியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது டிராக்டர் சறுக்கிக் கவிழ்ந்தது. அவர் உடலைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் எனக்கு மாமா, பாதிப் பேர் சித்தப்பா. அத்தனை சொந்தம் இருந்தும், தோட்டத்தில் வேலை செய்யும் ஆள் வீட்டில் இல்லை என்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். அம்மா அதுவரை எங்களை வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தவள். இரண்டு பிள்ளைகளையும் நான்கு அலுமினியப் பேசின்களில் அடைத்த சாமான்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஈப்போ வந்து சேர்ந்தாள். ஒரு சீனப் பள்ளியின் கேன்டீனில் வேலை கிடைத்தது. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது.

வீட்டின் சொந்தக்காரரான அங்கிள் முன்கட்டில் இருந்தார். யாழ்ப்பாணத்து வம்சம். அவருடைய தகப்பனார் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளை. என் அப்பாவின் அப்பா அது மாதிரி ஒரு கிராணிக்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர். இரண்டு கட்டுக்கும் நடுவே இருந்த ஒரு கதவைவிடப் பெரிய கதவு அது. நாற்பதைத் தாண்டிய வயது, கல்யாணம் இல்லை. தாயாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். தாய் போன பிறகு தனி ஆள். ஒரே தங்கை கோலாலம்பூரில்.

முதலில் நாங்கள் அவரைச் சார் என்றுதான் கூப்பிட்டோம். சாருக்கு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது என்று அம்மா ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். அம்மா என்னிடம் ரசம் கொடுத்தனுப்பினாள். மறுநாள் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அதன் உள்ளே நான்கு மாதுளம்பழங்கள் இருந்தன. இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு எங்கள் குழாய் ஒழுகினால் அவர் வருவார். அவர் சட்டைப் பொத்தான் விழுந்தால் அம்மாவிடம் வரும். எப்போது நடுக்கதவு பகலில் திறந்தே கிடக்க ஆரம்பித்தது, எப்போது நாங்கள் முன்கட்டு மேசையில் எல்லோருமாகச் சாப்பிட ஆரம்பித்தோம் என்று யோசித்தால் எனக்குச் சரியாக நினைவில்லை. இரவில் மட்டும் அம்மா எங்கள் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போடுவாள். சத்தம் கேட்கும்படியாகவே போடுவாள்.

ஒரு தீபாவளி அன்று தம்பி, "சார், முறுக்கு," என்று தட்டை நீட்டினான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாடா இன்னமும் சார் மோருன்னு. மாமான்னு கூப்புடு."

அவர் வாயருகே கொண்டுபோன தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். "மாமா எண்டு வேண்டாம்," என்றார். "அங்கிள் எண்டு கூப்பிடட்டும்."

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபமான கோபம். தோட்டக்காட்டுப் பிள்ளைகள் தன்னை மாமா என்று கூப்பிட்டால் இவருக்குக் கௌரவக் குறைச்சலோ, இங்கிலீஷில்தான் கூப்பிட வேண்டுமோ என்று நினைத்தேன். அன்று முழுக்க அவரை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. தம்பிக்கு அந்த மானரோஷமெல்லாம் கிடையாது. அடுத்த நிமிஷமே, "அங்கிள், முறுக்கு," என்றான்.

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் பிடித்தது. கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னோடு இருந்த மேய் லிங் என்ற சீனப் பெண், மாமா என்றால் யார் என்று கேட்டாள். அம்மாவோடு கூடப் பிறந்தவர் என்றேன். தங்கள் கன்டோனீஸ் மொழியிலும் அதற்குத் தனிச் சொல் இருக்கிறது, அப்பாவின் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். என் காதில் விழவில்லை. எதிரே பல் வலியோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரையும் கவனிக்கவில்லை. அம்மாவோடு கூடப் பிறந்தவர். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிட்டால், அம்மா அவருக்குத் தங்கச்சி ஆகிவிடுவாள். சித்தப்பா என்றால் அவர் செத்துப்போன அப்பாவுக்குத் தம்பி ஆகிவிடுவார். எங்கள் மொழியில் எந்தச் சொல்லைத் தொட்டாலும் ஒரு வழி அடைபட்டது. அந்த ஆங்கிலச் சொல் ஒன்றில்தான் யாரும் யாருக்கும் எதுவும் ஆகாமல் காத்திருக்க முடிந்தது. அடுப்படிக்குப் போன அம்மாவுக்கு அது அன்றைக்கே புரிந்திருக்கிறது.

அம்மாவும் அவரை அங்கிள் என்றுதான் சொன்னாள். "அங்கிளு சாப்ட்டாரா பாரு", "அங்கிளுக்கு இருமலா இருக்கு". நேரில் பேசும்போது ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். "என்னாங்க" என்பதைக்கூட 'ங்க' என்று பாதியாக முழுங்கிவிடுவாள். அவர் பெயரை அவள் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு நாள் அவர் அலுவலகத்திலிருந்து வீணாய்ப்போன நகல் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். மேசையில் விரித்து நான்கு மூலைகளிலும் கோப்பைகளை வைத்தார். நீலக் கோடுகள், சின்னச் சின்னக் கட்டங்கள். "இது உங்கட தோட்டம்," என்றார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீட்டு மனைகளாகப் பிரித்துப் படம் போடும் வேலை இவர் கைக்கு வந்திருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"லயம் எங்க இருந்துச்சி?"

அவர் விரலால் காட்டினார்.

"அந்த மேடு?"

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எந்த மேடு என்று கேட்கவில்லை. வளைந்து போகும் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். அம்மா அதே இடத்தில் தன் விரலை வைத்தாள். அவர் தன் விரலை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அவர்கள் இருவரும் தொட்டுக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எனக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது, சாப்பாட்டு மேசையில், எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே அவர் கேட்டார். "பிள்ளையளுக்கும் தெரியட்டும். நான் உங்கட அம்மாவைப் பதிவுக் கலியாணம் செய்ய விரும்பிறன். உங்களுக்கு மனமில்லாட்டி இந்தக் கதையை இத்தோட விடுவம்."

நான் தட்டைப் பார்த்தேன். தம்பிதான் கேட்டான். "அப்பறம் ஒங்கள என்னான்னு கூப்புடுறது?"

அவர் சிரித்தார். "அங்கிள் எண்டே கூப்பிடு. அப்பா எண்டு ஒருத்தர் இருந்தவர்தானே. அது அவரின்ர இடம்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில், "மொதல்ல பொண்ணுக்கு ஒரு நல்லது நடக்கட்டும். அம்மா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னா எவன் வருவான் பொண்ணு கேட்டு?" என்றாள். "எனக்கெல்லாம் கல்யாணமே வேணாம், நீங்க பண்ணிக்குங்க," என்று நான் அழுதேன். அவர், "சரி, பொறுப்பம்," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

என் கல்யாணப் பத்திரிகையின் எழுத்துகளை அவர்தான் தன் வரைபடப் பேனாவால் எழுதினார். ஓரத்தில் மல்லிகைக் கொடி வரைந்தார். எல்லோர் பெயரும் அதில் இருந்தது, அவர் பெயர் இல்லை. மண்டபம், சமையல், மாப்பிள்ளை வீட்டார் தங்க இடம், எல்லாவற்றுக்கும் ஓடியவர் அவர். மணவறையில் அம்மா நிற்கவில்லை. எங்கள் வழக்கம் அப்படி. வெளியூரிலிருந்து வந்திருந்த அம்மாவின் அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்தார்கள். பிறகு படம் எடுக்க எல்லோரும் மேடை ஏறினோம். தம்பி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினான். படம் எடுப்பவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? இது ஃபேமிலி மட்டும்," என்றார்.

"ஓம், ஓம்," என்று அவசரமாகப் படியிறங்கினார். இறங்கும்போது என் முந்தானை அவர் காலில் தட்டியது. குனிந்து அதைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

மறுவீட்டுக்கு வந்த அன்று நான்தான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "இனிமே என்னாமா சாக்கு?" அம்மா வெட்கப்பட்டாள். ஐம்பதை நெருங்கிய என் அம்மா. தைப்பூசம் கழியட்டும் என்றாள். கோலாலம்பூர்த் தங்கையிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அங்கிள் சொன்னார். போனில் சொல்கிற விஷயம் இல்லையாம்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒரு காலையில் அவர் குளியலறையில் விழுந்தார். தம்பிதான் கதவை உடைத்துத் தூக்கினான். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அங்கிளின் தங்கைக்கும் தம்பிதான் தகவல் சொன்னான். தங்கை தன் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் குடும்பத்தார் மட்டும், அதுவும் இரண்டிரண்டு பேராகத்தான் உள்ளே போகலாம். அம்மா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் அதே நாற்காலி.

நான்காம் நாள் மத்தியானம் தங்கை சாப்பிடப் போன நேரத்தில், இளம் மலாய்த் தாதி ஒருத்தி வெளியே வந்து அம்மாவைப் பார்த்தாள். "மக்சிக், அவரு ஒங்களுக்கு யாரு?" என்று மலாயில் கேட்டாள். மக்சிக் என்பது அவர்களுடைய ஆன்ட்டி.

"அங்கிள்," என்றாள் அம்மா.

அந்தப் பெண் அம்மாவின் முகத்தையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவரையும் பார்த்தாள். இருவருக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம். அவளுக்கு என்ன புரிந்ததோ, கதவைத் திறந்துவிட்டாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கதவு முழுவதும் மூடவில்லை. அம்மா கட்டிலருகே போய்ப் போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள். பிறகு சும்மா நின்றாள்.

"பேரச் சொல்லிக் கூப்புடுங்க மக்சிக். அவருக்குக் கேக்கும்," என்றாள் தாதி.

அம்மா அவர் காதருகே குனிந்தாள். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. பெயரைச் சொல்லத்தான் முயன்றாள் என்று நினைக்கிறேன். வரவில்லை. கடைசியில், "அங்கிள்," என்றாள். "அங்கிள்... இங்க பாருங்க... அங்கிள்." அந்தச் சொல்லை அப்படி ஒரு குரலில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாதி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் போய்விட்டார். முன்கட்டில் கிடத்தினார்கள். தங்கை மகன் கொள்ளி வைத்தான். நாங்கள் பின்கட்டு வழியாக வந்து, தெருக்காரர்களோடு வரிசையில் நின்று பூப்போட்டோம். கணவனை இழந்தால் பெண்ணிடமிருந்து எடுக்க வேண்டியதையெல்லாம் அம்மாவிடமிருந்து எப்போதோ எடுத்தாகிவிட்டது. இப்போது எடுக்க ஒன்றுமில்லை. அன்று மாலை அவள் அங்கிள் ஊறப்போட்டுவிட்டுப் போயிருந்த சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். மறுநாள் இஸ்திரி போட்டு, மடித்து, தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு, அந்தத் தங்கை பின்கட்டுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. ரொம்ப அழுது கண் வீங்கியிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணையை நல்லாப் பாத்திருக்கிறியள் எண்டு அக்கம்பக்கம் எல்லாரும் சொல்லுகினம். எங்களுக்கு அவர் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுங்கோ. அண்ணைக்கு நீங்கள் என்ன முறை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா மற்றக் கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வாடகைக்கு இருந்தோம்மா," என்றாள். "நல்ல மனுசன்."

அவர் அம்மாவின் கையை விட்டார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார். அவசரமில்லை, நீங்கள் இருக்கும்வரை இருங்கள் என்று சொல்லியனுப்பினார். அம்மா இருக்கவில்லை. அந்த மாதமே என்னோடு வந்துவிட்டாள்.

சாமான் ஏற்றிய லோரியில் உட்கார்ந்து நான் கேட்டேன். "ஏம்மா சொல்லல?"

"அவரு நேர்ல போயி சொல்லணும்னு இருந்தாரு," என்றாள். "அவரு வாயால சொல்லாதத நான் சொன்னா, அந்தம்மா, 'அண்ணன் நம்மகிட்ட மறைச்சிட்டாரு'ன்னு நெனச்சிக்கிட்டே காலம்பூரா அழுவும். வேணாம்." அதற்குப் பிறகு அவரைப் பற்றி அம்மா பேசவில்லை. டாக்ஸிக்காரரை அண்ணே என்பாள், சீனக் கடைக்காரரைத் தவுக்கே என்பாள், என் வீட்டுக்காரரின் நண்பர்களைத் தம்பி என்பாள். அங்கிள் என்று யாரையும் கூப்பிட்டதில்லை.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த வீட்டை விற்று, இடித்து, இப்போது அங்கே வண்டி நிறுத்துமிடம். கேன்டீன் இருந்த பள்ளி வேறு இடத்துக்குப் போய்விட்டது. எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். மேடுகூட இல்லை, வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். வரைபடங்களை இப்போது கம்ப்யூட்டர் போடுகிறதாம், யார் சட்டையிலும் அந்த நெடி இருக்காது.

இந்த ஆடி அமாவாசைக்கு நானும் தம்பியும் லூமுட் கடற்கரைக்குப் போயிருந்தோம். நல்ல கூட்டம். ஐயர் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர். தம்பி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிண்டம் வைத்து முடித்தான்.

"வேற யாராவது இருக்காங்களா? பேரும் உறவும் சொல்லுங்க."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். சொல் என்று நான் தலையசைத்தேன். அவன் பெயரைச் சொன்னான்.

"உறவு?"

"அங்கிள்."

"அங்கிள்னா? பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமாவா?"

தம்பிக்கும் ஐம்பது நெருங்குகிறது. ஈரச் சட்டையோடு மணலில் மண்டிபோட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஐயர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, சிநேகிதர்னு சொல்லிடறேன்," என்றார்.

மந்திரத்தைச் சொல்லிவிட்டு, போய்க் கரையுங்கள் என்று கையைக் காட்டினார். தம்பி இலையை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் போனான். நான் பின்னாலேயே போனேன். அவன் கையைத் தாழ்த்தியதும் ஓர் அலை வந்து இலையைக் கவிழ்த்தது. எள் சிதறியது, சோறு கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.